மாமாவின் அரை மணித்தியாலம்

"இந்த மெசினுக்கு என்னில என்ன கோவம்?"

நானாட்டான் பக்கத்தில், வயற்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கமக்காரர் அமைப்பின் மண்டபம். மத்தியான வெயிலில் தகரக் கூரை சடக் சடக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. மூலையில் அடுக்கியிருந்த யூரியாப் பைகளின் நெடி மூக்கைக் கிள்ளியது. எழுந்து நின்று இந்தக் கேள்வியைக் கேட்டவர் நடராசா. என் மனைவி தர்மினியின் தகப்பன்.

கேள்வி என்னைப் பற்றியது. ஆனால் அவர் கேட்டது அமைப்பின் செயலாளர் பிரதீபனிடம். நான் அவருக்குப் பின்னால், மடியில் லேப்டொப்போடு, ஒரு கால் நொண்டும் பிளாஸ்டிக் கதிரையில் ஆடாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். தர்மினி என் பக்கத்தில்.

"மெசினுக்குக் கோவம் ஒண்டும் இல்லைப் பெரியப்பா," என்றான் பிரதீபன். அவன் நடராசாவின் தம்பி மகன்.

"மெசினுக்கு இல்லாட்டி, மெசினைச் செய்தவைக்கு."

மண்டபத்திலிருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. அவருடைய தலை மட்டும் திரும்பவில்லை.

இடையில் ஒரு மாமி

போன கிழமை எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய்க் கத்தோலிக்கன். அப்பா கடற்தொழில். தர்மினி நானாட்டானில் வயற்கார வீட்டுச் சைவப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இருவரும் கணினி விஞ்ஞானம், ஒரே வகுப்பு. அதனால் அவள் என்னை "நீர்" என்பாள். அவளுடைய வீட்டில் மட்டும் "நீங்கள்". அந்த ஒரு சொல் மாற்றத்துக்காகவே எனக்கு நானாட்டான் போகப் பிடிக்கும்.

நடராசா மாமாவுக்கு இரண்டு டிரக்டர், தண்ணீர் முதலில் பாயும் வாய்க்கால் தலைப்பில் காணி, கோயில் சபையில் ஒரு பதவி. மருமகனாக ஒரு மீன்காரன் மகன் வருவான் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தார். சாப்பிட்டார். படத்துக்கு நின்றார். என்னோடு மட்டும் பேசவில்லை.

பேசாமல் இருப்பது என்றால் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவது அல்ல. அது சின்னப் பிள்ளைகள் செய்வது. மாமா அதை ஒரு நிர்வாகமாகவே நடத்தினார். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அவர் மாமியைப் பார்த்து, "அவர் தேத்தண்ணி குடிச்சவரோ எண்டு கேள்," என்பார். மாமி என்னைப் பார்த்து, "தம்பி, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்பா. நான் மாமியிடம் "ஓம் மாமி," என்பேன். மாமி அவரிடம், "குடிச்சவராம்," என்பா. எங்கள் மூவருக்கும் நடுவில் இருந்த மேசை இரண்டு முழ அகலம்கூட இருக்காது.

வருடக்கணக்காக இப்படியே ஓடியது. குறை ஒன்றும் இல்லை. தேத்தண்ணி நல்ல தேத்தண்ணி.

ஒரு மொழி பிறந்த கதை

எரிபொருளுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கும். நான் படிப்பித்த தொழில்நுட்ப நிலையம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. தர்மினி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தாள். மின்சாரம் வந்தால் வேலை, போனால் ஓய்வு. மற்றச் சோடிகள் அந்தக் காலத்தில் வீட்டுத்தோட்டம் போட்டார்கள். நாங்கள் ஒரு நிரலாக்க மொழி செய்தோம்.

என்ன மொழி என்று கேட்டால், சார்புகளால் ஆன மொழி. பள்ளிக்கூடக் கணிதத்தில் வந்த அதே சார்புதான். ஓர் எண்ணைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். நாளைக்குக் கொடுத்தாலும் அதையேதான் தரும். கேட்பது யார் என்று பார்க்காது. இடையில் எதையும் தொட்டு மாற்றாது. மாற்றினால் அதற்குப் பக்க விளைவு என்று பெயர். பக்க விளைவே இல்லாத மொழியைத்தான் எங்கள் துறையில் தூய மொழி என்பார்கள்.

தூய்மையில் நாங்கள் கடும் பிடிவாதமாக இருந்தோம். முதல் பதிப்பால் திரையில் ஓர் எழுத்தைக்கூடக் காட்ட முடியாது. காட்டுவதும் பக்க விளைவுதானே.

அப்பா வலையிலிருந்து நண்டை விடுவித்துக்கொண்டே இதைக் கேட்டார். "அப்ப கணக்குச் செய்யும்?"

"செய்யும் அப்பா."

"விடை வரும்?"

"வரும்."

"ஆனா ஒருத்தருக்கும் காட்டாது?"

"இப்போதைக்குக் காட்டாது."

அவர் நண்டின் காலை மெதுவாக மடக்கினார். "பெயர் என்ன வைச்சிருக்கிறியள்?"

"சோளகம்."

"சரியான பெயர்தான். சோளகக் காத்து வீசினா இஞ்ச ஒருத்தருக்கும் கடலில தொழில் இல்லை."

ஒரு சுற்றறிக்கை, இரண்டு அர்த்தம்

ஒரு நிரலை எழுதினால் கணினிக்கு அது நேரே விளங்காது. யாராவது மொழிபெயர்க்க வேண்டும். அதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

எங்கள் பக்கத்துக் கூட்டங்களுக்குக் கொழும்பிலிருந்து சிங்கள அதிகாரி வருவார். அவர் ஒரு வசனம் சொல்ல, பக்கத்தில் நிற்கும் கிளார்க் உடனே அதைத் தமிழில் சொல்வார். பிறகு அடுத்த வசனம். இது இன்டர்பிரிட்டர். வேறு சில வேளை அதிகாரி வருவதில்லை. முழுவதும் ஏற்கனவே மொழிபெயர்த்து அச்சடித்த சுற்றறிக்கை வரும். இது கொம்பைலர். முதலாவது மெதுவானது, ஆனால் உடனே தொடங்கிவிடலாம். இரண்டாவது தயாராக நேரம் எடுக்கும், தயாரானபின் பறக்கும்.

சிங்களத்தில் ஒன்றும் தமிழில் இன்னொன்றும் சொல்லும் சுற்றறிக்கைகளை வாங்கி வாங்கிப் பழகிய சனம் நாங்கள். கிளார்க் சொன்னது ஒன்று, கடதாசி சொல்வது வேறு என்று கந்தோர் வாசலில் நின்று சண்டை பிடித்தவர்கள். அப்படி இருந்தும், இன்டர்பிரிட்டரை நான் தனியாகவும் கொம்பைலரைத் தர்மினி தனியாகவும் எழுதினோம். ஒரே மேசையில் எதிரெதிரே இருந்துதான் எழுதினோம். இரண்டும் ஒன்றையே சொல்லும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

மொழியை இணையத்தில் போட்டோம். உலகம் முழுவதிலும் அதை இரண்டு பேர் பயன்படுத்தினார்கள். இருவரும் எங்கள் வீட்டில்தான் இருந்தோம்.

ஆள் பார்க்காத ஒன்று

அடுத்த சிறுபோகத்தில், கோடை நெல்லுக்கு, குளத்தில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட வேண்டும். முறை வைப்பது யார் என்பதில் முந்திய வருடம் மண்வெட்டி தூக்கும் அளவுக்குச் சண்டை நடந்திருந்தது. தலைப்புக் காணிக்காரர் செயலாளரை வாங்கிவிட்டார்கள் என்று கடைசிக் காணிக்காரர் சொன்னார்கள். செயலாளர் கடைசிக் காணிக்காரரின் மச்சான் என்று தலைப்புக்காரர் சொன்னார்கள். இரண்டும் உண்மை.

புதிதாகச் செயலாளர் ஆன பிரதீபன் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தான். தலையெல்லாம் மணல். காற்றாலைகள் சுற்றும் பக்கத்தால் வந்தால் அப்படித்தான்.

"அக்கா, எனக்கு ஆள் பாக்காத ஒண்டு வேணும்," என்றான் தர்மினியிடம். "மனிசர் ஆர் முறை போட்டாலும் சந்தேகம். மெசின் போட்டா ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் கேட்கிறார்கள் என்று பார்க்காத மொழி ஒன்று எங்கள் மேசையில் வேலை இல்லாமல் கிடந்தது. இதைச் சாதாரண எக்செல்லில் செய்யலாம் என்று நாங்கள் இருவருமே அவனுக்குச் சொல்லவில்லை.

முறையின் விதிகளைக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அவற்றில் ஒன்றுதான் இந்தக் கதைக்குத் தேவை. போன முறை ஒருவருக்குக் குறைவாகத் தண்ணீர் கிடைத்திருந்தால், குறைந்ததில் பாதியை இந்த முறை கூட்டிக் கொடுப்பது. போன முறை ஒருவர் கூடுதலாக எடுத்திருந்தால், எடுத்ததில் பாதியை இந்த முறை வெட்டுவது. கணக்கு முழு மணித்தியாலத்தில்தான். துரிசை, அதாவது வாய்க்கால் மதகை, திறந்து பூட்டுகிறவருக்கு வேறு வாய்க்கால்களும் இருந்தன. அரை மணிக்கெல்லாம் ஓடிவர முடியாது என்று முதலே சொல்லிவிட்டார்.

கூடுதலாக எடுத்தவர் ஒரே ஒருவர்தான். நடராசா மாமா. போன முறை அவருடைய பக்கத்துத் துரிசின் திருகு இறுகிவிட்டதாம். பூட்டவே முடியவில்லையாம். அவருடைய வயல் நிரம்பிய பிறகு தானாக இளகிவிட்டதாம். ஏழு மணித்தியாலம் கூடுதல்.

விதியை வாக்குக்கு விட்டபோது மாமா எல்லோருக்கும் முதல் கையை உயர்த்தினார். "பாதியை வெட்டுங்கோ. நான் ஞாயத்துக்குக் கட்டுப்பட்டவன்," என்றார். கை தட்டினார்கள்.

மைனஸ் ஏழின் பாதி

நான் நிரலை எழுதி, என் இன்டர்பிரிட்டரில் ஓட்டி, வந்த முறையைப் பிரதீபனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றைக்கே மாமி தர்மினிக்குப் போன் எடுத்து, "எங்களுக்கு எத்தினை மணித்தியாலம் பிள்ளை?" என்று கேட்டிருக்கிறா. தர்மினி அதே நிரலைத் தன் கொம்பைலரில் ஓட்டிச் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் காலை மாமியின் அழைப்பு. பின்னணியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, நீ மூண்டு வெட்டு எண்டனி. பிரதீபன் நாலு வெட்டு எண்டு மண்டபத்தில ஒட்டியிருக்கிறான். அப்பா நிண்டு ஆடுறார்."

தர்மினி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் லேப்டொப்பைத் திறந்தோம்.

காரணம் கண்டுபிடிக்கக் கன நேரம் எடுக்கவில்லை. மாமா கூடுதலாக எடுத்ததால் அவருடைய கணக்கு மைனஸ் ஏழு. பாதி என்றால் மைனஸ் மூன்றரை. முழு எண்ணாக்க வேண்டும். என் இன்டர்பிரிட்டர் எழுதப்பட்ட மொழி, அரை வந்தால் எப்போதும் கீழே இறங்கும். அதனால் மைனஸ் நாலு. தர்மினியின் கொம்பைலர் நிரலை மாற்றிக் கொடுக்கும் மொழியோ பூச்சியத்தை நோக்கி நகரும். அதனால் மைனஸ் மூன்று. பிளஸ் எண்களில் இரண்டும் ஒன்றையே சொல்லும். நாங்கள் சோதித்ததெல்லாம் பிளஸ் எண்கள். கூடுதலாக எடுத்த மனிதர் ஒருவர் வரும்வரை எங்கள் மொழிக்கு மைனஸ் தேவைப்படவில்லை.

ஊரில் இந்த விளக்கம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவர்களிடம் இதைவிட நல்ல விளக்கம் இருந்தது. மகளின் மெசின் தகப்பனுக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தது. மருமகனின் மெசின் அதை வெட்டியது. எத்தனை வருடக் கோபம், பின்னே?

பக்க விளைவு இல்லாத மொழிக்கு முதல் பாவனையிலேயே இவ்வளவு பக்க விளைவு.

கணிதம் ஏன் வேர்க்கிறது

ஒரு மணித்தியாலத் தண்ணீர்தானே என்று தீவில் இருந்துகொண்டு சொல்லலாம். வாய்க்காலின் கடைசியில் புஷ்பம் அக்காவின் காணி. புருசன் கட்டாரில், விதைப்பது முதல் வெட்டுவது வரை எல்லாம் அவவே. அவ பிந்தி விதைத்ததால் நெல் அப்போதுதான் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வயிற்றில் இருக்கும் நேரம் நிலம் வெடித்தால் பதர்தான் மிஞ்சும். தலைப்பில் யாருக்கு ஒரு மணித்தியாலம் கூடினாலும் அது கடைசியில் அவவுடைய வரம்பில்தான் குறையும்.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் வீட்டு விறாந்தையில் நாங்கள் இருவரும் சண்டை பிடித்தோம். கேற்றடியில் இரண்டு கழுதைகள் குப்பை வாளியைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தன. எழும்பித் துரத்த இருவருக்கும் நேரம் இல்லை.

மொழியைச் செய்தவர்கள் நாங்கள். பாதி என்றால் அந்த மொழியில் என்ன அர்த்தம் என்று எங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது. இரண்டும் கணிதத்தில் சரி. எது சோளகத்தில் சரி என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

"உம்மட கொம்பைலர் சொன்னதுதான் சரி," என்றேன் நான். "பூச்சியத்தை நோக்கிப் போறதுதான் நீதி. ஏழு குறைஞ்சவனுக்கு மூண்டு குடுக்கிறம். ஏழு கூட எடுத்தவனிட்ட மூண்டு வெட்டுறம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு."

"இல்லை. உம்மட இன்டர்பிரிட்டர்தான் சரி," என்றாள் அவள். "எல்லாருக்கும் கீழ இறங்கினா, குடுக்கிற தண்ணி குளத்தில இருக்கிறதை விட ஒரு நாளும் கூடாது. மிச்சம் வாய்க்கால் வழிய கடைசிக்குப் போகும். பூச்சியத்தை நோக்கிப் போனா எடுத்தவருக்கு அரை மணித்தியாலம் சும்மா குடுக்கிறம். அதை ஆர் கட்டுறது? புஷ்பம் அக்கா."

"அது கணிதம் இல்லை. அது அரசியல்."

"ஜெறோம், என்னைப் பாரும். நீர் கணிதமோ கதைக்கிறீர்?"

"வேற என்ன?"

"கணிதம் ஏன் இப்படி வேர்க்குது?"

நான் முகத்தைத் துடைத்தேன். சோளகக் காற்று வேறு அன்றைக்குப் பார்த்து நின்றுபோயிருந்தது.

"உமக்கு விளங்குதில்லை," என்றேன். "நாலு எண்டு போனா ஊர் முழுக்க நான் பழி வாங்கினன் எண்டுதான் சொல்லும். உம்மட அப்பா சாகும் வரைக்கும் என்னோட கதைக்கமாட்டார்."

"இப்ப கதைக்கிறாரோ?"

ஒரு கழுதை எங்கள் வீட்டுப் பலாக்கொட்டைத் தோலை நிதானமாகச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். போகும்போது சொன்னாள்: "எனக்கு மட்டும் அவரை வெட்ட ஆசையோ? அவர் என்ர அப்பா."

அவர் திரும்பினார்

மண்டபத்துக்குத் திரும்புவோம். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா பிரதீபனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மெசின் ரெண்டு சொல்லுது," என்றார் மாமா. "என்ர பிள்ளையின்ர மெசின் மூண்டு எண்டுது. மற்றது நாலு எண்டுது. எதை நம்புறது? பிள்ளையைத்தானே நம்ப வேணும்?"

சிலர் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து புஷ்பம் அக்காவின் குரல் வந்தது. "மகள் குடுத்தா என்ன, மருமோன் வெட்டினா என்ன? என்ர வரம்புக்குத் தண்ணி வருமோ வராதோ, அதைச் சொல்லுங்கோ."

தர்மினி எழுந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்ர மெசின்தான் பிழை," என்றாள். "நாலுதான் சரி. நான் அதைத் திருத்திப் போட்டன்."

கூரை ஒருமுறை சடக்கென்றது.

அவள் காரணத்தைச் சொன்னாள். மைனஸ், பூச்சியம் எதுவும் இல்லாமல் சொன்னாள். ஏழில் சரிபாதி மூன்றரை; அந்த அரை மணித்தியாலம் நடுவில் கிடக்கிறது. அது எடுத்தவருக்குப் போனால் கடைசிக் காணியிலிருந்து வரவேண்டும். எடுத்தவர் விட்டால் எல்லோருக்கும் போதும். அவ்வளவுதான்.

மாமாவின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. "அப்ப நீயும் அவர்ர பக்கம்."

"அது அவர்ர பக்கம் இல்லை அப்பா. அவர் உங்கட பக்கம் நிண்டவர். நேற்றுப் பின்னேரம் முழுக்க என்னோட சண்டை. மூண்டு எண்டு போடச் சொல்லி நிண்டவர். நாந்தான் மாட்டன் எண்டனான்."

எனக்கு அந்தக் கதிரையோடு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. இதைச் சொல்லுவாள் என்று நான் நினைக்கவில்லை.

மாமா திரும்பினார். முதலில் தோள், பிறகு தலை. என்னைப் பார்த்தார். அவருடைய கண்கள் தர்மினியின் கண்கள் போலவே மண்ணிறம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"நீர் என்னத்துக்கு எனக்காகக் கதைச்சனீர்?"

என்னிடம்தான். இடையில் யாரும் இல்லை.

"மாமா..."

"நான் உம்மைக் கேட்டனானோ? நடராசாவுக்கு ஒரு மணித்தியாலம் பிச்சை போடுங்கோ எண்டு நான் ஆரிட்டயும் கேட்டனானோ?"

"இல்லை மாமா. நாலு எண்டா, நான் உங்களில கோவத்தில வெட்டினன் எண்டு நினைப்பீங்கள் எண்டுதான்..."

"கோவமோ? உமக்கோ? தேத்தண்ணியில சீனி காணாட்டிக்கூட வாய் திறக்காத ஆள் நீர்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். அத்தனை வருடமும் அவர் என் தேத்தண்ணியைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"பயந்த ஆக்கள் மெசின் செய்யக் கூடாது," என்று முடித்தார். பிறகு மண்டபத்தைப் பார்த்து, ஏதோ தானம் கொடுக்கிறவர் போலக் கையை வீசினார். "நாலு எண்டா நாலு. வெட்டுங்கோ. ஞாயத்துக்கு முன்னால எனக்கு மகளும் இல்லை, மருமகனும் இல்லை."

கை தட்டினார்கள். அவர் ஏற்கனவே தோற்றுவிட்டிருந்தார் என்பதை ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. புஷ்பம் அக்கா மட்டும் தட்டாமல், துரிசுக்காரரிடம் தன்னுடைய முறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டிருந்தா.

ஞாயிற்றுக்கிழமை

புஷ்பம் அக்காவின் நெல் தப்பியது. அமோகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதர் இல்லை. மாமாவின் காணியில் ஒரு மூலை கொஞ்சம் மஞ்சளித்தது. அதை அவர் படம் பிடித்து எனக்கு நேரடியாக அனுப்பினார். கீழே ஒரு சொல்: "நாலு."

அதற்குப் பிறகு அவர் எனக்குத்தான் எடுப்பார். துரிசு பற்றி, உர விலை பற்றி, போனில் எழுத்து சின்னனாய்த் தெரிவது பற்றி. ஒருமுறைகூட வாழ்த்தவோ நலம் விசாரிக்கவோ எடுத்ததில்லை. எல்லாம் முறைப்பாடுதான். என் வாழ்க்கையில் முறைப்பாட்டுக்கு இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

அடுத்த முறை வந்தபோது துரிசுக்காரருக்குக் காய்ச்சல். எல்லோருக்கும் தண்ணீர் குறைந்தது. மாமாவுக்கும்தான். கணக்கு வந்த அன்றே எடுத்தார்.

"இஞ்ச பாரும். நான் கூட எடுத்தா அரை மணித்தியாலம் கூட வெட்டுறீர். எனக்குக் குறைஞ்சா அரை மணித்தியாலம் குறைச்சுத் தாறீர். ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடியோ?"

"ஓம் மாமா. எல்லாருக்கும் அப்பிடித்தான். எப்பவும் கீழதான்."

"இது போனில கதைக்கிற கதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாறன்."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை புது அரிசி. அப்பா முற்றத்தில் நின்று, "வாங்கோ, வாங்கோ," என்றார். இரண்டு சம்பந்திகளும் கொஞ்ச நேரம் காற்றைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஒரு விசயத்தில்தான் இருவருக்கும் அபிப்பிராயம் இருந்தது. நான் குசினியில் விளைமீன் பொரித்துக்கொண்டிருந்தேன். பொரிப்பதில் தர்மினியை விட நான் கெட்டி. அதை மாமா ஒரு குற்றமாக முகத்தில் குறித்துக்கொண்டார். ஆனால் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். "எங்க என்னை வெட்டின இடம்? காட்டும்."

நான் திரையில் காட்டினேன். ஒரே ஒரு சிறு வரி. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் மாமா."

"ஏழு போட்டா?"

ஏழு போட்டேன். மைனஸ் நாலு வந்தது.

"சரி, ஆறு போடும்."

மைனஸ் மூன்று.

அவர் தாடையைச் சொறிந்தார். தர்மினி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு?"

எட்டுப் போட்டேன். மைனஸ் நாலு.

மாமா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. சத்தம் பிந்தித்தான் வந்தது. அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதும் தெரியாது.

"அட கடவுளே! அந்தத் துரிசு இன்னும் ஒரு மணித்தியாலம் இறுகி இருந்திருக்கலாம்!"

"அப்பா!" என்றாள் தர்மினி. "இதை ஊரில போய்ச் சொல்லிப் போடாதேங்கோ."

"நான் ஏன் பிள்ளை சொல்லுறன்? இது எங்கட வீட்டு விசயமெல்லோ."

பின்னேர பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்தோம். பஸ் எங்கள் தீவின் பாலத்தைத் தாண்டியிருக்கவே முடியாது. தர்மினியின் போன் அடித்தது. மாமி.

"பிள்ளை, எட்டு எடுத்தாலும் நாலுதான் வெட்டுறியளாமே? இஞ்ச எல்லாரும் கேக்கினம்."